மலையில இருந்து கடலுக்கு: வாசகர் கேள்விகள்

போன இதழ்ல என்னைப் பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தேன், கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில, அதாவது படுகர் கிராமத்துல பொறந்தேன், பரங்கிப்பேட்டையில கடல் படிச்சேன், கப்பல்லயும் கிளாஸ்லயுமா முப்பது வருஷத்துக்கு மேல இருந்துட்டு மறுபடி மலைக்கே வந்துட்டேன்னு. அவ்வளவுதான் எழுதினேன். அதுக்கு ஊட்டி, குன்னூர், குந்தா, கூடலூர், கொடைக்கானல்னு மலை முழுக்க இருந்து கடிதம் வந்திருக்கு. எல்லாத்துக்கும் இங்க எழுத முடியல, அதனால ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்து எழுதறேன். பேரு போட வேண்டாம்னு நிறைய பேர் கேட்டிருந்தாங்க, அதனால யாரு பேரும் போடல.

கேள்வி: டீச்சர், நான் கோத்தகிரி பக்கம் பிளஸ் டூ பயாலஜி குரூப் படிக்கிறேன். கடலை இதுவரைக்கும் ரெண்டே தடவைதான் பாத்திருக்கேன், ஆனா மெரைன் பயாலஜிதான் படிக்கணும்னு ஆசை. மலையில பொறந்த பொண்ணுக்கு அது ஒத்து வருமா? காலேஜ் சேரும்போதே கடல் படிப்பா தேடிச் சேரணுமா?

கண்ணு, நீ ரெண்டு தடவை பாத்துட்ட. நான் முதல் தடவை கடலைப் பாத்தப்ப எனக்கு 19 வயசு, அதுவும் காலேஜ் டூர்ல. அதனால பொறந்த ஊரைப் பத்தி யோசிக்கவே யோசிக்காத. ஒரு ஆளைச் சொல்றேன், அன்னா மணி. 1918ல, இப்ப கேரளாவுல இருக்கிற பீர்மேட்டுல பொறந்தவங்க, அதுவும் நம்ம மாதிரி மலை ஊருதான். சென்னை பிரசிடென்சி காலேஜ்ல படிச்சு, சி.வி. ராமன்கிட்ட ஆராய்ச்சி பண்ணி, 1948ல வானிலைத் துறையில சேந்தாங்க. மழை, காத்து, வெயில் எல்லாம் அளக்கிற கருவிகளை நம்ம நாட்டுலயே செய்ய வச்சதுல பெரிய பங்கு அவங்களோடது. மலையில இருக்கிறவங்களுக்கு மேகம் வீட்டு வாசல்லயே வந்து நிக்குது, அதை உத்துப் பாக்கிற பழக்கம் சின்ன வயசுலயே வந்துடுது, கடல் வேலைக்கு வேண்டியதும் அந்தப் பழக்கம்தான்.

இப்ப ரெண்டாவது கேள்வி. இதுல எனக்கு உறுதியான கருத்து இருக்கு, நான் கிளாஸ்ல வருஷா வருஷம் சொன்னதும் இதையேதான். கடல்னு தனியா ஒரு சப்ஜெக்ட் கிடையாது. தண்ணி ஏன் நகருது, அலை எப்படி வருது, வெப்பம் எங்க போய்ச் சேருதுன்னு கேட்டா அது பிசிக்ஸ், கணக்கு. உப்பு, ஆக்சிஜன், நைட்ரேட், தண்ணியோட பிஹெச்னு போனா கெமிஸ்ட்ரி. மிதவை உயிரி, மீன், பவளம்னா பயாலஜி. கடல் தரையில படிஞ்ச மண்ணை எடுத்துப் பழைய காலத்துப் பருவநிலையைப் படிக்கிறது ஜியாலஜி. இந்த நாலுல ஒண்ணுலயாவது உனக்கு அடித்தளம் பலமா இருக்கணும். அதனால என் யோசனை, ஊட்டியோ கோயமுத்தூரோ எங்க வசதியோ அங்க பி.எஸ்சி ஜுவாலஜியோ பாட்டனியோ கெமிஸ்ட்ரியோ நல்லா படி, கூட கொஞ்சம் ஸ்டாடிஸ்டிக்ஸ் படி, கம்ப்யூட்டர்ல பைத்தான் மாதிரி ஒண்ணு கத்துக்கோ, கடலுக்கு எம்.எஸ்சியில போ. மூணு வருஷம் தள்ளிப்போகுதேன்னு வருத்தப்படாத. பி.எஸ்சியிலயே கடல்னு சேந்துட்டு, நடுவுல மனசு மாறி வேற பக்கம் போகணும்னு தவிச்ச பிள்ளைங்கள நான் நிறைய பாத்திருக்கேன், ஆனா நல்ல கெமிஸ்ட்ரி தெரிஞ்ச பிள்ளையைக் கடல் வேண்டாம்னு சொன்னதா பாத்ததே இல்ல.

எம்.எஸ்சிக்கு எங்கன்னா, அண்ணாமலை பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில இருக்கு, வெள்ளாறு கடல்ல சேருற முகத்துவாரத்துலயே. அழகப்பா பல்கலைக்கழகத்தோட கடலியல் துறை தொண்டியில இருக்கு, திருச்சியில பாரதிதாசன்ல ஒரு துறை, கன்னியாகுமரி பக்கம் ராஜாக்கமங்கலத்துல மனோன்மணியம் சுந்தரனாரோட மையம். வெளியில போறதா இருந்தா கொச்சியில குசாட் பல்கலைக்கழகம், கோவா பல்கலைக்கழகம், புதுச்சேரி பல்கலைக்கழகத்தோட போர்ட் பிளேர் வளாகம். மீன்வளம்தான் பிடிக்கும்னா அது வேற வழி, பி.எஃப்.எஸ்சி, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி மாதிரி, அதுக்கு பிளஸ் டூ முடிச்ச உடனே அப்ளை பண்ணணும், அதை மட்டும் தள்ளிப் போட்டுடாத.

கேள்வி: எங்க பொண்ணுக்கு கடல் சம்பந்தமா எம்.எஸ்சி சீட் கிடைச்சிருக்குதுங்க. எங்களுக்கு ஒண்ணரை ஏக்கர் தேயிலை, அவ்வளவுதான். பச்சைத் தேயிலை விலை உங்களுக்கே தெரியும். கடன் வாங்கிப் படிக்க வைக்கலாமா, வேலை கிடைக்குமா? கப்பல்ல எல்லாம் போகணும்னு சொல்றா, பொம்பளைப் புள்ளை, பயமா இருக்குதுங்க. (குந்தா பக்கத்துல இருந்து ஒரு அப்பா)

அண்ணா, உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன். எங்க அப்பாவும் இதே கேள்வியைத்தான் கேட்டாரு, அப்ப அவருக்குப் பதில் சொல்ல யாரும் இல்ல.

முதல்ல கப்பல். நம்ம நாட்டு ஆராய்ச்சிக் கப்பல்ல சாகர் கன்யா 1983ல வந்துச்சு, அப்புறம் சாகர் சம்பதா, சாகர் நிதி, சிந்து சாதனான்னு வந்துச்சு. 1983ல கிளம்பின அண்டார்டிகா பயணத்துலயே கடல் விஞ்ஞானி அதிதி பந்த்தும், ஜியாலஜி படிச்ச சுதீப்தா சென்குப்தாவும் போயிட்டு வந்தாங்க, இந்திய ஆராய்ச்சிப் பயணத்துல அங்க போன முதல் பெண்கள் அவங்கதான். இது நடந்து நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் போன பயணங்கள்ல பெண்களுக்குத் தனி கேபின் இருந்துச்சு, ரெண்டு பேரு ஒரு ரூம், கப்பல்ல டாக்டர் இருப்பாரு, பயணத் தலைமை விஞ்ஞானின்னு ஒருத்தர் எல்லாருக்கும் பொறுப்பு. என் அனுபவத்துல கப்பலை விட சின்ன படகுல முகத்துவாரத்துக்குள்ள போறதுலதான் கவனம் வேணும், லைஃப் ஜாக்கெட் போடாம ஏறவே கூடாதுன்னு பொண்ணுகிட்ட சொல்லி அனுப்புங்க. நீச்சல் தெரியலைன்னா இந்த லீவுலயே கோயமுத்தூருக்கு அனுப்பி கத்துக்க வைங்க, அந்தச் செலவை மட்டும் யோசிக்காதீங்க.

வேலை விஷயத்துல உங்களுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லணும். எம்.எஸ்சி முடிச்ச கையோட நிரந்தர வேலைங்கிறது ரொம்ப குறைவு. முதல்ல கிடைக்கிறது ப்ராஜெக்ட் வேலை, ஒரு வருஷம் ரெண்டு வருஷம்னு காண்ட்ராக்ட், ப்ராஜெக்ட் முடிஞ்சா வேலையும் முடிஞ்சுது. நான் அப்படி ஏழு வருஷம் இருந்தேன். ஒரு இடத்துல எட்டு மாசம் சம்பளம் வராம, பணம் இன்னும் ரிலீஸ் ஆகலைன்னு சொல்லிட்டே இருந்தாங்க, ஹாஸ்டல் மெஸ் பில்லுக்கு அம்மா தேயிலைக் காசுல இருந்து மணியார்டர் அனுப்பினாங்க. அதனால கடன் வாங்கறதா இருந்தா ரெண்டு வருஷப் படிப்புக்கு மட்டும் கணக்குப் போடாதீங்க, அதுக்கப்புறம் ஒரு வருஷம் சும்மா இருக்க நேர்ந்தாலும் தாங்குற மாதிரி வாங்குங்க. அரசுக் காலேஜ், பல்கலைக்கழகத் துறைன்னா ஃபீஸ் கம்மி, சீட் எங்க கிடைச்சிருக்குன்னு நீங்க எழுதல. லட்சக்கணக்குல ஃபீஸ் கேக்கிற இடம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, இந்தப் படிப்புக்கு அவ்வளவு கொடுக்க வேண்டிய அவசியமே இல்ல.

நல்ல பக்கமும் இருக்கு. சி.எஸ்.ஐ.ஆர் நெட்னு ஒரு தேசியத் தகுதித் தேர்வு இருக்கு, அதுல ஜே.ஆர்.எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை எடுத்துட்டா 2023 ஜனவரியில இருந்து மாசம் 37,000 ரூபா, கூட வீட்டு வாடகைப் படி, ரெண்டு வருஷம் கழிச்சு 42,000. பி.எச்டி படிப்புக்கு வீட்டுல இருந்து காசு கொடுக்கவே வேண்டாம். வேலை இருக்கிற இடம்னா கோவா என்.ஐ.ஓ (தேசிய கடலியல் நிறுவனம்), சென்னை பள்ளிக்கரணையில என்.ஐ.ஓ.டி (தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம்), ஹைதராபாத்துல இன்காய்ஸ் (தேசிய கடல் தகவல் சேவை மையம்), கொச்சியிலயும் மண்டபத்துலயும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். அதுக்கு வெளியில துறைமுகம், கடலோரத் திட்டங்களுக்கு சுற்றுச்சூழல் ரிப்போர்ட் தயார் பண்ற கம்பெனிகள், இறால் குஞ்சு பொரிப்பகம். 2021ல மத்திய அரசு ஆழ்கடல் திட்டத்துக்கு 4,077 கோடி ரூபா ஒதுக்குச்சு, மூணு பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கூட்டிட்டுப் போற மத்ஸ்யா 6000 வாகனம் அதுல ஒரு பகுதிதான், சென்னையிலதான் செய்றாங்க. பொண்ணுக்கு ஆசை இருக்கு, சீட் கிடைச்சிருக்கு, அனுப்புங்க அண்ணா. ஆனா முதல் செமஸ்டர்லயே நெட் புக்கைத் திறக்கச் சொல்லுங்க.

கேள்வி: கொடைக்கானல்ல இருந்து எழுதறேன் மேடம், பி.எஸ்சி கெமிஸ்ட்ரி மூணாவது வருஷம். கடல் ஆராய்ச்சிக் கப்பல்ல ஒரு கெமிஸ்ட் என்னதான் செய்வாங்க? எங்க லேப்ல பண்ற டைட்ரேஷன் எல்லாம் அங்க யூஸ் ஆகுமா?

யூஸ் ஆகுமான்னு கேட்டுட்டீங்களே தம்பி, என் வேலையே அதுதான். கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், ஏன்னா இந்தக் காட்சி எனக்கு இன்னும் கண்ணுலயே இருக்கு.

கப்பல் நின்னுடும். இன்ஜின் சத்தம் மாறும், அதுலயே முழிப்பு வந்துடும், மணி ராத்திரி மூணு. ஸ்டேஷன், அதாவது தண்ணி எடுக்க வேண்டிய இடம் வந்துடுச்சுன்னு அர்த்தம். டெக்ல பெரிய இரும்பு வளையம், அதைச் சுத்தி பன்னெண்டோ இருபத்திநாலோ நீளமான பிளாஸ்டிக் பாட்டில் நிக்கும், நிஸ்கின் பாட்டில்னு பேரு, நடுவுல சி.டி.டி.ன்னு ஒரு கருவி, அது உப்புத்தன்மை, வெப்பநிலை, ஆழம் மூணையும் அளந்துட்டே இறங்கும். பாட்டில் எல்லாம் ரெண்டு பக்கமும் திறந்தபடி கீழே போகும், மேலே வரும்போது 2,000 மீட்டர், 1,500, 1,000, 500ன்னு நமக்கு வேண்டிய ஆழத்துல ஒவ்வொண்ணா மூடுவோம். போய் வர ஒண்ணரை ரெண்டு மணி நேரம் ஆகும். டெக்குக்கு வந்ததும் எல்லாரும் தண்ணிக்கு நிப்பாங்க, உப்பு அளக்கிறவங்க, சத்துப்பொருள் அளக்கிறவங்க, பாக்டீரியா ஆளுங்க, ஆனா முதல் தண்ணி ஆக்சிஜன் எடுக்கிறவங்களுக்குத்தான், நான் போன எந்தக் கப்பல்லயும் இது மாறாத சட்டம். ஏன்னா பாட்டிலைத் திறந்த நிமிஷத்துல இருந்து வெளிக்காத்து உள்ள கலக்க ஆரம்பிச்சிடும்.

குழாயில ஒரு ரப்பர் டியூபை மாட்டி, அதோட முனை கண்ணாடி பாட்டிலோட அடியில தொடற மாதிரி விட்டு, ஒரு குமிழி கூட வராம தண்ணியை நிரப்பணும், நிரம்பினதும் நிறுத்தக்கூடாது, பாட்டில் அளவுக்கு ரெண்டு மூணு மடங்கு வழிஞ்சு போகட்டும்னு விடணும். ஆயிரம் மீட்டர்ல இருந்து வந்த தண்ணி கையில பட்டா ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த மாதிரி ஜில்லுன்னு இருக்கும், நடு அரபிக்கடல்ல புழுங்கற ராத்திரியில எனக்கு நம்ம ஊரு ஜனவரி ஞாபகம் வந்துடும். அப்புறம் மாங்கனீஸ் குளோரைடு ஒரு மில்லி, காரம் கலந்த அயோடைடு ஒரு மில்லி, மூடியைப் போட்டுக் குலுக்கணும். தண்ணியில கரைஞ்ச ஆக்சிஜனை அளக்கிறதுக்கு நீங்க லேப்ல விங்க்ளர் முறைன்னு படிச்சிருப்பீங்களே, அதேதான். மேல்மட்டத் தண்ணின்னா பழுப்பா, டீத்தூள் கலர்ல படியும், ஆக்சிஜன் நிறைய இருக்குன்னு அர்த்தம். அரபிக்கடல்ல 150 மீட்டர்ல இருந்து 1,000 மீட்டர் வரைக்கும் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லாத ஒரு அடுக்கு இருக்கு, அங்க எடுத்த பாட்டிலைக் குலுக்கினா வெள்ளையா படியும். பால் மாதிரி வெள்ளை. முதல் தடவை அதைப் பாத்தப்ப நான் கெமிக்கல் மாத்திப் போட்டுட்டேன்னு பயந்துட்டேன், பக்கத்துல இருந்த சீனியர் அக்கா, இல்லம்மா, அங்க மூச்சு விட ஒண்ணும் இல்ல, அதுதான் இதுன்னு சொன்னாங்க. புத்தகத்துல ஒரு வரியா படிச்சது கையில வெள்ளையா நின்னுச்சு.

அதுக்கப்புறம் ஆசிட் விட்டு, தயோசல்ஃபேட்டைச் சொட்டுச் சொட்டா விட்டு அளக்கிற டைட்ரேஷன், ஸ்டார்ச் போட்டதும் நீலம், நீலம் போற சொட்டுதான் எண்ட் பாயிண்ட். கப்பல் ஆடும், பியூரெட்டும் ஆடும், நீங்க அதோட சேந்து ஆடிக்கிட்டே சொட்டை எண்ணணும். இப்ப இதுக்கு ஆட்டோமேடிக் மெஷினும், தண்ணிக்குள்ளயே அளக்கிற சென்சாரும் வந்தாச்சு, ஆனா அந்த சென்சார் சரியா காட்டுதான்னு பாக்கிறதுக்கு இன்னமும் விங்க்ளர்தான்.

இன்னொரு விஷயம், லேபிள் எப்பவும் பென்சில்ல எழுதுங்க. மூணாவது வருஷத்துலயே சொல்லி வைக்கிறேன், ஏன்னா நான் ஒரு தடவை பேனாவுல எழுதி, உப்புத் தண்ணியில அத்தனையும் கரைஞ்சு போய், ஒரு முழு நாள் எடுத்த மிதவை உயிரி சாம்பிள் எந்த இடத்துது எந்த ஆழத்துதுன்னே தெரியாம போச்சு. ஃபார்மலின் பாட்டிலுக்குள்ளயே பட்டர் பேப்பர்ல பென்சிலால எழுதிப் போட்டுட்டா பல வருஷம் கழிச்சும் படிக்கலாம்.

கேள்வி: ஊட்டி ஒரு காலத்துல கடலுக்கடியில இருந்ததா எங்க தாத்தா சொல்வாரு, நிஜமா?

இல்லம்மா. நீலகிரிப் பாறை பெரும்பாலும் சார்னோகைட், அது கடல் தரையில படிஞ்ச பாறை இல்ல, பூமி மேலோட்டோட அடி ஆழத்துல பயங்கர வெப்பத்துலயும் அழுத்தத்துலயும் உருவானது, கிட்டத்தட்ட 250 கோடி வருஷப் பழசு. ஆழத்துல இருந்து வந்ததுன்னு தாத்தா சொன்னது சரிதான், ஆனா அது கடலோட ஆழம் இல்ல, பூமியோட ஆழம்.

கேள்வி: எனக்கு 29 வயசு, சொந்த ஊரு குன்னூர். மெரைன் பயாலஜி எம்.எஸ்சி முடிச்சு அஞ்சு வருஷமா வேற வேற ப்ராஜெக்ட்ல இருந்தேன், போன மார்ச்சோட காண்ட்ராக்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டேன். சொந்தக்காரங்க எல்லாம் பி.எட் படிச்சு ஸ்கூல் டீச்சராகிடுன்னு சொல்றாங்க. எனக்கு ஆராய்ச்சியும் பிடிக்கும், சொல்லிக் கொடுக்கவும் பிடிக்கும். இப்ப பி.எச்டி சேர்றது லேட்டா அக்கா?

லேட் இல்லம்மா. நான் பி.எச்டி பதிவு பண்ணப்ப எனக்கு 30. உன்னோட அஞ்சு வருஷத்தை வீணா போன காலம்னு நீயே எழுதியிருக்க, அந்த வரியை நான் ஒத்துக்க மாட்டேன். சாம்பிள் எடுக்கத் தெரியும், படகுல போகத் தெரியும், நுண்ணோக்கியில பாத்து இனம் பிரிக்கத் தெரியும், நேரா எம்.எஸ்சியில இருந்து வர்ற பிள்ளைக்கு இதெல்லாம் கத்துக்கவே ரெண்டு வருஷம் ஆகும்.

ஆனா இந்தத் தடவை கண்ணைத் திறந்து போ. முதல்ல நெட். சி.எஸ்.ஐ.ஆர் நெட்ல உனக்கு ரெண்டு வழி, லைஃப் சயின்ஸ் எழுதலாம், இல்ல எர்த், அட்மாஸ்பியரிக், ஓஷன் அண்ட் பிளானட்டரி சயின்ஸ்னு ஒரு பேப்பர் இருக்கு. மெரைன் பயாலஜி படிச்சவங்க பெரும்பாலும் லைஃப் சயின்ஸ்தான் எழுதறாங்க, அது சரி, உனக்கு அதுதான் ஒத்து வரும். ஜே.ஆர்.எஃப்.க்கு வயசு வரம்புல பெண்களுக்கு அஞ்சு வருஷத் தளர்வு இருக்கு, அதனால பயப்படாத, ஆனா தள்ளியும் போடாத. ஜே.ஆர்.எஃப் கிடைக்காம நெட் மட்டும் கிடைச்சாலும் அது உதவி பேராசிரியர் தகுதி, முதுகலையில 55 சதவீதம் இருக்கணும், இடஒதுக்கீட்டுப் பிரிவுன்னா அஞ்சு சதவீதம் தளர்வு. கூடவே மாநில அளவுல உதவி பேராசிரியர் தகுதிக்கு நடக்கிற தமிழ்நாடு செட் தேர்வு அறிவிப்பு வந்தா அதையும் எழுதிடு.

சொல்லிக் கொடுக்கிற வேலையில ஒரு பள்ளம் இருக்கு, அதை யாரும் முன்னாடியே சொல்ல மாட்டாங்க. மெரைன் பயாலஜின்னு தனித் துறை இருக்கிற இடம் விரல் விட்டு எண்ணிடலாம். மத்தபடி கலைக் கல்லூரியிலயும் ஸ்கூல்லயும் இருக்கிறது ஜுவாலஜி போஸ்ட்தான். உன்னோட எம்.எஸ்சி, எம்.எஸ்சி ஜுவாலஜிக்குச் சமம்னு அரசாணை இருக்கணும், ஈக்குவலன்ஸ் ஜி.ஓ.ன்னு சொல்வாங்க, பட்டத்தோட பேருல ஒரு வார்த்தை மாறினாலும் சர்டிஃபிகேட் வெரிஃபிகேஷன்ல நிறுத்திடுவாங்க. என்கிட்ட படிச்ச ஒரு பொண்ணு பரிட்சையில நல்ல மார்க் எடுத்துட்டு இந்த ஒரு காகிதத்துக்காக அலைஞ்ச அலைச்சலைப் பாத்து நான் அழுதிருக்கேன். பி.எட் சேர்றதுக்கு முன்னாடி, பணம் கட்டறதுக்கு முன்னாடி, உன் பல்கலைக்கழகத்து பட்டப் பேரைச் சரியா போட்டு அந்த ஆணை இருக்கான்னு பாரு. இல்லைன்னா உன் துறையில எழுதிக் கேளு, இப்பவே கேளு, ஏன்னா அது வர நாளாகும்.

பி.எச்டி கைடு தேர்ந்தெடுக்கிறதுல ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கோ. இந்த ஆளுகிட்ட இதுக்கு முன்னாடி படிச்சவங்க எத்தனை வருஷத்துல முடிச்சாங்க, இப்ப எங்க இருக்காங்கன்னு அந்தப் பழைய மாணவங்ககிட்டயே நேரா ஃபோன் பண்ணிக் கேளு. அப்புறம் ப்ராஜெக்ட்ல எடுத்த டேட்டா யாருக்குச் சொந்தம், கட்டுரையில உன் பேரு எங்க வரும்னு சேரும்போதே பேசி, ஒரு மெயில்லயாவது எழுதி வாங்கிக்கோ. நான் இருந்த ஒரு ப்ராஜெக்ட்ல, முடிஞ்ச மறுநாளே என் நோட்டுப் புத்தகத்தைக் கூட வாங்கி வச்சுக்கிட்டாங்க, ரெண்டு வருஷம் மாசா மாசம் எடுத்த உப்புத்தன்மை, வெப்பநிலை கணக்கு அதுலதான் இருந்துச்சு, கடைசி வரைக்கும் அது எங்கயும் அச்சாகவே இல்ல. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகல.

இன்னொண்ணு, நீ குன்னூர்ல உக்காந்துக்கிட்டே கடல் ஆராய்ச்சி பண்ணலாம், விளையாட்டுக்குச் சொல்லல. ஆர்கோ மிதவைன்னு தானா இயங்குற அளவுக் கருவி உலகக் கடல் முழுக்க கிட்டத்தட்ட 4,000 இருக்கு, 1,000 மீட்டர் ஆழத்துல மிதந்துட்டே இருந்து, பத்து நாளைக்கு ஒரு தடவை 2,000 மீட்டருக்கு இறங்கி, அங்க இருந்து உப்புத்தன்மை, வெப்பநிலை எல்லாம் அளந்துட்டே மேலே வந்து சேட்டிலைட்டுக்கு அனுப்பிட்டு மறுபடி உள்ள போயிடும். ஊட்டியில இருந்து மேட்டுப்பாளையம் இறங்கினா எவ்வளவு உயரமோ ஏறக்குறைய அவ்வளவு, அதை அது பத்து நாளைக்கு ஒரு தடவை தனியா ஏறி வருது. அந்த டேட்டா முழுக்க யாரு வேணும்னாலும் இலவசமா எடுக்கலாம். நம்ம நாட்டுல அதைப் பாத்துக்கிறது இன்காய்ஸ், அது இருக்கிறதே ஹைதராபாத்துல, பக்கத்துல கடலே கிடையாது. 2007ல இருந்து சுனாமி எச்சரிக்கையும் அங்க இருந்துதான் வருது. அதனால இந்த ஆறு மாசம் வீட்டுல சும்மா இருக்கேன்னு நினைக்காத, வங்காள விரிகுடாவோட ஒரு சின்ன சதுரத்தை எடுத்து, அஞ்சு வருஷ உப்புத்தன்மையை வரைஞ்சு பாரு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி தண்ணி வந்து வடக்குல மேல்மட்டம் எப்படி உப்பு குறையுதுன்னு உன் கண்ணாலயே தெரியும். பி.எச்டி இன்டர்வியூல அந்த ஒரு படத்தைக் காட்டினா போதும், உன்னை வேற மாதிரி பாப்பாங்க.

கேள்வி: நான் கூடலூர் பக்கம் அரசுப் பள்ளியில சயின்ஸ் டீச்சர். பாடத்துல கடல் வந்தா எங்க பிள்ளைங்க முகமே மாறிடுது, பாதிப் பேரு கடலையே பாத்ததில்ல. இவங்களுக்கு எப்படி நடத்துறது?

இந்தக் கடிதத்தைத்தான் நான் எல்லாத்துக்கும் மேல எடுத்து வச்சிருந்தேன் டீச்சர். நான் இவ்வளவு வருஷம் பண்ணதுல எனக்கு மனசு நிறைஞ்சது வகுப்புலதான், கப்பல்ல இல்ல.

தண்ணியில இருந்து ஆரம்பிங்க. உங்க ஸ்கூல் கூரையில விழுற மழை பாண்டியாறு, புன்னம்புழா வழியா சாலியாறு போய், பேப்பூர்ல அரபிக்கடல்ல சேருது. இதே மாவட்டத்துல எங்க கோத்தகிரி பக்கம் விழுற மழை பவானிக்குப் போய், காவிரியில கலந்து, வங்காள விரிகுடாவுக்குப் போகுது. பிள்ளைங்ககிட்ட ஒரு மேப்பைக் கொடுத்து விரலாலயே அந்த ஆத்தோட போகச் சொல்லுங்க. அப்புறம் திருப்பிக் கேளுங்க, அந்தத் தண்ணி எப்படி மறுபடி நம்ம கூரைக்கு வருது? ஜூன்ல உங்க ஊர்ல கொட்டுறது அரபிக்கடல்ல இருந்து வர்ற ஈரம், அப்ப எங்க பக்கம் வெறும் சாரலும் காத்தும்தான். அக்டோபர், நவம்பர்ல எங்களுக்குக் கொட்டுது, ரயில் பாதையில மண்ணு சரியுது, அது வங்காள விரிகுடாவுல இருந்து வர்றது. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல பெஞ்சுது, பெரிய பிள்ளைங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த வருஷம் இந்தியப் பெருங்கடலோட மேற்குப் பக்கம் வழக்கத்தை விட சூடாவும் கிழக்குப் பக்கம் குளிர்ச்சியாவும் இருந்துச்சு. அந்த ஒரு நாள் மழைக்கு அதுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா கடல் சூடு மாறினா மழையும் மாறும்னு பிள்ளைங்களுக்குத் தெரியட்டும். கடலைப் பாத்ததில்லன்னு சொல்ற பிள்ளை வருஷா வருஷம் அதுலதான் நனையுதுன்னு சொல்லுங்க.

அடுத்து ஆழம். வங்காள விரிகுடாவோட சராசரி ஆழம் சுமார் 2,600 மீட்டர், தொட்டபெட்டா 2,637. தொட்டபெட்டாவைத் தூக்கி அங்க வச்சா உச்சி மட்டும் தண்ணிக்கு மேல கொஞ்சம் எட்டிப் பாக்கும். இதைச் சொன்னா என் மாணவங்களே ஒரு நிமிஷம் பேசாம இருப்பாங்க. அழுத்தத்துக்கும் நம்ம மலையே உதாரணம், ஊட்டியில காத்தழுத்தம் குறைவு, தண்ணி 93 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிடுது, அதனாலதான் குக்கர் இல்லாம பருப்பு வேகுறதுக்கு நேரமாகுது, அம்மாகிட்ட கேட்டா தெரியும். கடல்ல இது தலைகீழ், பத்து மீட்டர் இறங்கினா ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். கப்பல்ல நாங்க தெர்மக்கோல் கப்புல பேரு எழுதி, வலைப்பையில போட்டு, கருவியோட கட்டி ஆழத்துக்கு அனுப்புவோம், வரும்போது எழுத்தெல்லாம் அப்படியே இருக்கும், கப்பு மட்டும் கட்டை விரல் அளவுக்குச் சுருங்கியிருக்கும். என்கிட்ட அப்படி ரெண்டு கப் இருக்கு, ஒண்ணு உங்க ஸ்கூலுக்கு அனுப்பறேன்.

உப்புக்கு ஒரு லிட்டர் தண்ணியில 35 கிராம் உப்பை நிறுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு சொட்டு நாக்குல வைக்கச் சொல்லுங்க, அதுதான் கடல் தண்ணியோட உப்பு அளவு. அப்புறம் ஒரு கேரட் துண்டை வெறும் தண்ணியில போடுங்க, முங்கும், உப்பைக் கரைச்சுக்கிட்டே போனா ஒரு கட்டத்துல எழும்பி வரும். ஏன்னு பிள்ளைங்களே சொல்லட்டும், நீங்க சொல்லாதீங்க.

கடைசியா, தண்ணி எவ்வளவு தெளிவுன்னு அளக்கிற செக்கி தட்டு. ஒரு டப்பா மூடி, இருபது சென்டிமீட்டர் விட்டம் இருந்தா நல்லது, நாலா பிரிச்சு கருப்பு வெள்ளைன்னு மாத்தி மாத்தி பெயிண்ட் அடிச்சு, நடுவுல ஓட்டை போட்டு கயிறு கட்டி, அடியில ஒரு கல்லைத் தொங்க விடுங்க. கயித்துல பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு. பக்கத்துல இருக்கிற அணையிலயோ குளத்துலயோ, பெரியவங்க ரெண்டு பேரு கூட நின்னு, நிழல் பக்கமா இறக்குங்க. தட்டு கண்ணுக்கு மறையிற முடிச்சையும், மேலே தூக்கும்போது மறுபடி தெரியற முடிச்சையும் எழுதி, ரெண்டையும் கூட்டிப் பாதி எடுங்க, அதுதான் தண்ணியோட தெளிவு. கடல்ல நாங்க முழு வெள்ளைத் தட்டு வச்சு இதையேதான் பண்றோம். மழைக்கு முன்னாடி ஒரு தடவை, மழை நடுவுல ஒரு தடவை, முடிஞ்சு ஒரு தடவைன்னு ஒரு வருஷம் எடுக்கச் சொல்லுங்க. தேதி, நேரம், வெயிலா மேகமா, யாரு பாத்தாங்கன்னு ஒவ்வொண்ணுக்கும் எழுதணும், பென்சில்ல. அந்தக் கணக்கை இந்தப் பத்திரிகை முகவரிக்கே அனுப்புங்க, என் கைக்கு வந்துடும், கிராஃப் எப்படி வரையறதுன்னு பிள்ளைங்களுக்கு நானே எழுதி அனுப்பறேன்.